லோரியில் ஒரு பிளாஸ்க் முருங்கைச் சாறு

எஸ்டேட் லோரியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் அப்புறம் யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். காலையில் ஆட்களை மலைக்கு ஏற்றிப் போவேன். பிறகு கொழுந்து மூட்டைகளோடு ஃபேக்டரிக்கு இறங்குவேன். மறுபடி மலை, மறுபடி ஃபேக்டரி. பின்னால் நிற்பவர்கள் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்த வேண்டும், இரண்டு தட்டினால் கிளம்ப வேண்டும். பகல் முழுக்க அந்தத் தட்டுகளிலேயே காரியம் முடிந்துவிடும். வாய்க்கு வேலை இல்லை.

சின்ன வயதிலிருந்தே நான் கூச்சக்காரன். பள்ளிக்கூடத்தில் வருகை எடுக்கும்போது என் பெயர் வந்தால், நான் வாயைத் திறப்பதற்குள் ஆசிரியர் அடுத்த பெயருக்குப் போயிருப்பார். ஐந்தாம் படிவத்தோடு படிப்பை முடித்து, எஸ்டேட்டில் சேர்ந்து, லைசென்ஸ் எடுத்து, லோரி ஓட்டத் தொடங்கியபோது எனக்குக் கிடைத்தது சம்பளம் மட்டும் இல்லை, ஒரு நிம்மதி. 'இவர் பேசுற வார்த்தையெல்லாம் சேர்த்து வெச்சா வருசத்துக்கு ஒரு மைலோ டின்கூட ரொம்பாது' என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அதையும் நான் மறுத்துப் பேசியதில்லை.

அந்த லோரிக்குத்தான் ஆபத்து வந்தது.

எஸ்டேட்டில் டிரைவர்கள் எல்லோரையும் பக்கத்து டவுனான தானா ராத்தாவில் ஒரு கிளினிக்குக்கு அனுப்பி உடம்பைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் ரோடு அப்படி. ஒரு பக்கம் தேயிலை, இன்னொரு பக்கம் ஒன்றுமே இல்லை. வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் சரி. சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். டாக்டர் ஒரு மலாய்ப் பெண், சின்ன வயசு, சிரித்த முகம். என்னைப் 'பாக்சிக்' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். இரண்டு இடத்தில் சிவப்பாக வட்டம் போட்டிருந்தது.

"பாக்சிக், உங்க இரத்தத்துல கொழுப்பு ஜாஸ்தியா இருக்கு. ஒண்ணு இல்ல, ரெண்டு விதமும்" என்று மலாயில் சொன்னார். ஒரு விதம் எண்ணெய், இறைச்சி, தேங்காய்ப்பால் பக்கம் இருந்து வருவது. இன்னொரு விதம், இனிப்பும் மாவும் கூடினால் ஏறுவது. ரெண்டும் சேர்ந்து இரத்தக் குழாயை அடைத்தால் நெஞ்சுக்கு ஆகாது. எனக்கு அவ்வளவுதான் புரிந்தது, அவ்வளவு போதுமாகவும் இருந்தது.

"எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடுவீங்களா?"

தலையை ஆட்டினேன்.

"சீனி?"

"சிக்கிட்" என்றேன். கொஞ்சம்தான். அது பொய் இல்லை. எங்கள் வீட்டில் சீனி டப்பா மாதக்கணக்கில் அப்படியே இருக்கும், எறும்புதான் வந்து பார்த்துவிட்டுப் போகும்.

டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. சாப்பாட்டை மாற்றி, நடந்து பாருங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம் எடுப்போம், இறங்காவிட்டால் மாத்திரை என்றார். ஒரு காப்பி என் கைக்கு, ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசுக்கு.

மறுநாள் துரை, எங்கள் எஸ்டேட் மேனேஜர், கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் இப்போதைய துரை ஈப்போவில் வளர்ந்த நம்மாள். தமிழிலேயே பேசுவார். நல்ல மனிதர். கெட்ட செய்தியைச் சொல்வதற்கு முன்னால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லுவார்.

"உக்காருங்க. ரிப்போர்ட் பாத்தேன். நீங்க தனியா ஓட்டுனா பரவால்ல. பின்னால ஆளுங்க நிக்கிறாங்க. ஒரு வளைவுல உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"பயப்படாதீங்க, வேலை எங்கயும் போகாது. மூணு மாசம் டைம் இருக்குல்ல. அடுத்த ரிப்போர்ட்டும் இப்படியே வந்துச்சுன்னா லோரிய வேற ஆள்கிட்ட குடுத்துடுவோம். உங்கள மேல டீ கடைக்கு மாத்திடறேன். லைட் வேலை. டூரிஸ்ட் வருவாங்க, டீயப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் லா."

அவர் எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஆனால் நெஞ்சடைப்பைவிட அந்தக் கடையை நினைத்துத்தான் எனக்கு அதிகம் வியர்த்தது. கண்ணாடிக் கதவு போட்ட கடை அது. சனி ஞாயிறில் பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்குவார்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு, ஒரே நேரத்தில் நாலு பாஷையில் கேள்வி கேட்பார்கள். நான் அந்தக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பதா?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள சுவர் கூரைவரை போகாது. நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

"கொழுப்பா? அதுக்கு வல்லாரை இருக்கே தம்பி."

பக்கத்து வீட்டு அக்கா. மலையில் மெஷினால் கொழுந்து வெட்டுகிற கூட்டத்தோடு வேலை செய்பவர். என் லோரியின் பின்னால் தட்டுகிற கை அவருடையதுதான்.

மறுநாள் காலையில் அவர் கையில் ஒரு டம்ளர். வாய்க்கால் ஓரத்தில் பறித்த வல்லாரையை அரைத்துப் பிழிந்தது. எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. குடித்தேன். லயம் முழுக்கச் செய்தி பரவி, அந்த வாரத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பச்சைத் தண்ணீர் வந்தது. கறிவேப்பிலை அரைத்தது, பொன்னாங்கண்ணி பிழிந்தது, எதிர் வரிசையிலிருந்து என்ன இலை என்றே சொல்லாமல் ஒன்று. நான் ஒன்றையும் திருப்பி அனுப்பவில்லை. பல்லெல்லாம் பச்சையாகிவிட்டது. "ஆட்டுக்கு வெக்கிற தழைய எல்லாம் உங்களுக்கே குடுத்துட்டா ஆட்டுக்கு என்ன பண்ணுவாங்க?" என்று மனைவி கேட்டாள்.

கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவே ஒரு முடிவுக்கு வந்தார். "இதெல்லாம் சும்மா தம்பி. முருங்கைதான். என் தம்பி கீழ தாப்பாவுல வீட்டச் சுத்தி வெச்சிருக்கான். அவனுக்கும் இதே கொழுப்புதான். தெனம் இலைய கொதிக்க வெச்சுக் குடிக்கிறான், இப்ப பாருங்க, பையன் மாதிரி படி ஏறுறான்."

எங்கள் குளிருக்கு முருங்கை வராது. வைத்துப் பார்த்தவர்கள் உண்டு, ஒரு முழம் வளர்ந்து அப்படியே நின்றுவிடும். அதனால் அக்கா தம்பிக்கு போன் போட்டார். கீழே காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பும் லோரி ஒன்றில் முருங்கை வந்தது. ஒரு கட்டு வரும் என்று நினைத்தோம். ஒரு முழுச் சாக்கு வந்தது. கேட்டதற்கு மேலே கொடுப்பது அவர்கள் குடும்பத்து வழக்கமாம்.

அன்று சாயந்திரம் என் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வந்திருந்தான். ஃபேக்டரியில் டிரையர் பக்கம் வேலை. சாக்கை அவிழ்த்து உள்ளே கையை விட்டான்.

"மாமா, சூடாயிடுச்சு. காலைக்குள்ள கறுத்துடும்."

"இவ்வளவையும் எப்படிடா குடிக்கிறது?" என்றாள் மனைவி.

"யாருகிட்ட கேக்கறே? இலைய என்ன செய்யணும்னு நம்மளுக்கா தெரியாது?"

எங்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. ஒரு இலை கையில் வந்தால் அதை வாட்ட வேண்டும், உருட்ட வேண்டும், நிறம் மாறும்வரை மூடி வைக்க வேண்டும், சூட்டில் காய வைக்க வேண்டும். எங்கள் அப்பாக்கள் அதைச் செய்தார்கள், நாங்களும் செய்கிறோம். முருங்கைக்கு வேறு முறை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. வீட்டு முன்னால் அஞ்சடித் திண்ணையில் பாயை விரித்து, காம்பை உருவி, இலையைப் பரப்பினோம். அக்காவும் வந்து உட்கார்ந்தார். வாடியதும் மச்சினன் உள்ளங்கையால் உருட்டினான். ஈரத்துணியால் மூடி வைத்தான். அடிக்கடி துணியைத் தூக்கி மோந்து பார்த்தான். தேயிலை என்றால் செம்பு நிறத்துக்கு வரும். முருங்கை வரவில்லை, நேராகக் கறுப்புக்குப் போனது.

"வாசனை வரலையேடா" என்றார் அக்கா.

"வருது. கோழிக்கூடு வாசனை."

"அது பின்னால இருக்கிற கோழிக்கூடுடா."

பெரிய குவாலிச் சட்டியில் போட்டு, கைவிடாமல் கிளறிக் காய வைத்தான். கடைசியில் பார்த்தால் அசல் தேயிலைத் தூள் மாதிரியே ஒரு டின் நிறைய இருந்தது. எங்கள் எல்லோருக்கும் பெருமை தாங்கவில்லை. மச்சினன் ஒரு கரண்டி போட்டு கொதி தண்ணீர் ஊற்றி, ஃபேக்டரியில் டீ ருசி பார்ப்பவர்கள் செய்வது போல சர்ரென்று உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றி, கண்ணை மூடிக்கொண்டான்.

"எப்படி?"

"கசப்பு இருக்கு. பில்டிங் இடிச்ச மண்ணு மாதிரி ஒரு ருசியும் இருக்கு. ஆனா ஸ்ட்ராங்கு."

"ஸ்ட்ராங்கா இருந்தா சரிதான்" என்று மனைவி எழுந்து உள்ளே போனாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. ஆனால் நடக்கும்போது எங்களில் ஒருவருக்கும் அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. எங்கள் லயத்தில் தேத்தண்ணி என்றால் டின் பால் ஊற்றிக் கலக்கி, இரண்டு குவளையில் மாற்றி மாற்றி ஆற்றி, மேலே நுரை நிற்கக் கொடுப்பது. பால் இல்லாமல் ஒரு டம்ளரை வந்தவர் கையில் கொடுத்தால், இந்த வீட்டில் ஏதோ கஷ்டம் போலிருக்கிறது என்று அவர் போய்ச் சொல்லிவிடுவார். அதனால் என் மனைவி வழக்கம்போலச் செய்தாள். டின்னைக் குத்தினாள், ஊற்றினாள், ஆற்றினாள். கசப்பு கொஞ்சம் அதிகம் என்பதால் கையும் கொஞ்சம் தாராளமாக இருந்தது.

நன்றாக இருந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. அக்கா இரண்டாவது டம்ளர் கேட்டார்.

அதிலிருந்து என் லோரியில் தினமும் ஒரு பெரிய பிளாஸ்க் முருங்கைச் சாறு இருந்தது. மலை ஏறியதும் ஒரு மூடி, ஃபேக்டரியில் மூட்டை இறக்கும்போது ஒரு மூடி, மத்தியானம் இரண்டு. மருந்து என்பதால் கணக்குப் பார்க்கவில்லை. மற்றதில் எல்லாம் நான் கட்டுப்பாடாகத்தான் இருந்தேன். தேங்காய்ப்பாலில் வேகும் நாசி லெமாக்கை விட்டேன். ரொட்டி சானாய்க் கடைப் பக்கம் லோரியை நிறுத்துவதை விட்டேன். மனைவி குழம்பில் தேங்காய்ப்பாலை நிறுத்திவிட்டாள். சாயந்திரத்தில் கோயில்வரை நடந்துபோய் வந்தேன். சட்டைகூடக் கொஞ்சம் தளர்ந்த மாதிரி இருந்தது.

"எறங்கிடுச்சு தம்பி. மூஞ்சப் பாத்தாலே தெரியுது" என்று அக்கா தினமும் சொல்லிவிட்டுத்தான் லோரியில் ஏறுவார். கொழுப்பு இல்லாதவர்களும் வந்து 'ஒரு டம்ளர் குடுங்களேன், முன்கூட்டியே குடிச்சு வைப்போம்' என்று கேட்டார்கள். தாப்பாவிலிருந்து இரண்டாவது சாக்கும் வந்தது.

மூன்று மாதம் முடிந்து இரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட் வாங்கப் போன நாளில் மனைவியும் கூட வந்தாள். வெறும் கையோடு போவது அவளுக்குப் பிடிக்காது. டாக்டர் பொண்ணு நமக்காக இவ்வளவு பார்க்கிறதே என்று ஒரு பிளாஸ்க் நிறையச் சாறு போட்டுக் கொண்டுவந்தாள்.

டாக்டர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே கண்ணில் சிரிப்பு இல்லை, கோபமும் இல்லை. கணக்கு இடிக்கிறபோது ஆசிரியருக்கு வருமே, அந்தப் பார்வை.

"எண்ணெய்ப் பக்கத்துக் கொழுப்பு கொஞ்சம் எறங்கியிருக்கு. நல்லது. ஆனா இன்னொண்ணு, இனிப்புல ஏறுமே, அது முன்னைவிட மேல போயிருக்கு. பாக்சிக், புதுசா ஏதாவது சாப்பிடுறீங்களா?"

மேலே போயிருக்கிறதா? கண்ணாடிக் கதவும் டூரிஸ்ட் பஸ்ஸும் கண் முன்னால் வந்து நின்றன.

"இலை" என்றேன்.

"என்ன இலை?"

"கெலோர்." முருங்கைக்கு மலாயில் அதுதான் பெயர்.

"அது நல்ல இலைதானே. சாப்பாட்டுல சேக்கலாம், கொதிக்க வெச்சுக் குடிக்கலாம். அதனால இப்படி ஏறாதே. எப்படிக் குடிக்கிறீங்க?"

தண்ணீரில் போட்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. என் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்து மேசை மேல் வைத்தாள்.

"இவர் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கிளினிக்க பூட்டிடுவீங்க. நீங்களே குடிச்சுப் பாருங்க டாக்டர். உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்" என்று அவளுக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். நுரைகூட அப்படியே இருந்தது.

டாக்டர் மாஸ்க்கை இறக்கி ஒரு வாய் குடித்தார். மூடிக்குள் இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"மக்சிக், இதுல என்ன போட்டீங்க?"

"கெலோர். அப்புறம் டின் பால்" என்றாள் மனைவி. கஞ்சத்தனம் செய்ததாக நினைத்துவிடக் கூடாதே என்று, "நல்லா கெட்டியா ஊத்துவேன். இவருக்கு உடம்பு சரியில்லல்ல, குறைக்கிறதே இல்ல" என்றும் சேர்த்துச் சொன்னாள்.

டாக்டர் மூடியை மேசையில் வைத்துவிட்டு, மாஸ்க்கை மேலே இழுத்துக்கொண்டார். தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஒரு நாளைக்கு இதுல எவ்வளவு?" என்று கேட்டார். நான் பிளாஸ்கைக் காட்டினேன். "முழுசும்?" தலையை ஆட்டினேன்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். டின் பாலில் பாதிக்குப் பக்கம் சீனிதான், பாக்சிக். பெயர்தான் பால். இலை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இவ்வளவு சீனியை அது தூக்கிச் சுமக்க முடியாது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சீனி எவ்வளவு என்று கேட்டபோது நான் சீனி டப்பாவை நினைத்துக்கொண்டு கொஞ்சம் என்றேன். டின் பாலை நாங்கள் யாரும் இனிப்புக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது தேத்தண்ணியின் உடம்பு மாதிரி. தண்ணீரை யாராவது கணக்கில் சேர்ப்பார்களா?

இந்த முறை மாத்திரை எழுதினார். முருங்கையை விட்டுவிடட்டுமா என்று மனைவி கவலையோடு கேட்டாள்.

"விட வேணாம். பால் வேணாம், சீனி வேணாம், வெறும் இலைத் தண்ணி. அதுவும் ஒரு நாளைக்கு ஒரு குவளை, ரெண்டு குவளை போதும். வேற இலையெல்லாம் பிழிஞ்சு குடிக்கறதா இருந்தா என்கிட்ட கேட்டுட்டுக் குடிங்க, சிலது மாத்திரையோட சேராது" என்றவர், என்னைப் பார்த்து, "பாக்சிக் லோரி ஓட்டுறவர்தானே? இலை உங்க லோரியில கெலிண்டான் மாதிரி. கூட வந்து ஒத்தாசை பண்ணும். ஓட்டுறது அது இல்ல. மாத்திரையும் சாப்பாடும் நடையும்தான் ஓட்டும்" என்றார்.

கெலிண்டான் என்றால் லோரியில் டிரைவருக்குக் கூடமாட இருப்பவன். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. கெலிண்டானிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு நான் பின்னால் படுத்துத் தூங்கியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது மனைவி பஸ்ஸில் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு, "நான்தானே ஊத்தினேன்" என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினேன். "நல்லா இருந்துச்சு" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். வீடு வரும்வரை நினைத்து நினைத்துச் சிரித்தாள்.

ஆனால் ரிப்போர்ட் ரிப்போர்ட்தான். லோரிச் சாவி ஆபீசுக்குப் போனது. நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போனேன்.

முதல் சில நாள் நான் கையாலேயே சமாளித்தேன். விலை கேட்டால் விலைச் சீட்டைக் காட்டுவேன். கழிவறை கேட்டால் திசையைக் காட்டுவேன். இலை எப்படி டீயாகிறது என்று கேட்டால் சுவரில் இருந்த படத்தைக் காட்டுவேன். சாயந்திரம் ஆனதும் ஆள் இல்லாத மூலையில் போய் நின்று மூச்சு வாங்குவேன். ஜன்னலுக்குக் கீழே என் லோரி வேறொருவன் கையில் முக்கிக்கொண்டு மேலே ஏறும். அந்தப் பையன் கியர் மாற்றுகிற சத்தம் என் பல்லில் கேட்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் பக்கத்திலிருந்து ஒரு தமிழ்க் குடும்பம் வந்தது. அதில் என் வயசு ஒருவர், வயிற்றைத் தள்ளிக்கொண்டு கவுண்டரில் சாய்ந்து நின்றார்.

"அண்ணே, தேயிலை குடிச்சா கொலஸ்ட்ரால் எறங்குமாமே. மெய்யா?"

படத்தைக் காட்டினேன். படத்தில் அது இல்லை. அவர் விடவில்லை. "சொல்லுங்கண்ணே. எனக்கு எக்கச்சக்கமா இருக்கு. டாக்டர் திட்டுறாரு." அவர் கையில் ஒரு டம்ளர் இருந்தது. கடையில் வாங்கிய தேத்தண்ணி. டின் பால் அடியில் தங்கி, இன்னும் கலங்காமல் வெள்ளையாக நின்றது. அதைப் பார்த்ததும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"பால் ஊத்தாமக் குடிக்கணும்" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று கேட்டால் கதையைச் சொல்லத்தான் வேண்டும். முருங்கைச் சாக்கில் தொடங்கினேன். நடுவில் இரண்டு முறை நின்றுவிட்டேன். அவர் "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். 'குறைக்கிறதே இல்ல' என்று மனைவி டாக்டரிடம் சொன்ன இடத்துக்கு வந்ததும் அவர் குடும்பமே சிரித்தது. அவர் மனைவி அந்த டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போகும்போது பால் இல்லாமல் குடிக்கிற பச்சைத் தேயிலைப் பெட்டியாகப் பார்த்து வாங்கினார்கள். "இது மாத்திரைக்குப் பதில் இல்ல, கெலிண்டான்தான்" என்றும் சொல்லி அனுப்பினேன். அன்று சாயந்திரம் தொண்டை கரகரவென்று இருந்தது. ரொம்ப நாள் கழித்து ஓட்டிய மோட்டார் மாதிரி.

அதற்குப் பிறகு யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நடுத்தர வயசில் மலை ஏறி வருகிற பாதிப் பேருக்கு இதே கேள்விதான். எனக்குத் தெரிந்த கதை ஒன்றே ஒன்று, அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். மலாயில் சொல்லக் கற்றுக்கொண்டேன். எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்றுகூடத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு பஸ் வந்து நிற்கும்போதும் அந்த ஆள் இல்லாத மூலையைத்தான் என் கண் முதலில் தேடும். அது மட்டும் பழகவில்லை.

அடுத்த ரிப்போர்ட் வந்தது. சிவப்பு வட்டம் ஒன்றுமில்லை. டாக்டர் தாளைத் திருப்பி வைத்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். மாத்திரையைத் தொடரச் சொன்னார்.

லயத்தில் அன்றைக்கு ஒரே சண்டை. "நான் சொன்ன முருங்கைதான்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. "நான் உருட்டுன கை" என்றான் மச்சினன். "நான் நிறுத்துன டின் பால்" என்றாள் மனைவி. எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல், பெயர் சொல்லாத அந்த இலைக்கும் பங்கு கேட்டது. மாத்திரைக்காகப் பேச யாருமே இல்லை. அது என் சட்டைப் பையில் இருந்தது, நானும் அதுவும் சும்மா இருந்தோம்.

மறுநாள் துரை கடைக்கே வந்துவிட்டார். கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ரிப்போர்ட் பாத்தேன், ரொம்ப சந்தோசம். ஒண்ணு சொல்லணும், உக்காருங்க."

நாற்காலியைக் காட்டியதுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"டூரிஸ்ட் எல்லாம் உங்களப் பத்திக் கேக்கறாங்க. அந்த முருங்கைக் கதை சொல்ற பெரியவர் எங்கன்னு. பச்சைத் தேயிலையும் நல்லாப் போகுது. நீங்க இங்கயே இருந்துடுங்க. வெயில் இல்ல, மழை இல்ல. லோரிக்கு அந்தப் பையன் இருக்கான்."

தலையை ஆட்டிவிட்டேன். பழக்கம் அது. அவர் திரும்பி நடந்தார். கண்ணாடிக் கதவு வரை போய்விட்டார். கதவுக்கு வெளியே, கீழே ரோட்டில், என் லோரி இரண்டாவது கியரில் போக வேண்டிய இடத்தில் மூன்றாவதில் திணறிக்கொண்டு ஏறுவது தெரிந்தது.

"தொரை."

அவர் நின்றார். அவரை நானாக ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"எனக்கு லோரிதான் வேணும்."

"ஏன்? இங்க என்ன குறை?"

"குறை ஒண்ணும் இல்ல தொரை. பேசிப் பேசி முடியல. ஒரு மனுசன் எவ்வளவுதான் பேசுவான்? அங்க ஒரு தட்டு, ரெண்டு தட்டு, அவ்வளவுதான். அது போதும் எனக்கு. அந்தப் பையன் நல்ல பையன்தான். ஆனா ஏத்தத்துல கியர் லேட்டா மாத்துறான், பின்னால அக்காங்க எல்லாம் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க. அவனுக்கு வாய் நல்லா வரும். இங்க அவன் நிக்கட்டும், கதைய நான் சொல்லித் தர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான் எவ்வளவு நீளமாகப் பேசிவிட்டேன் என்று தெரிந்தது.

"பேச வராதுன்னு சொல்றதுக்கு இவ்வளவு பேசுறீங்களே" என்று துரை சிரித்தார். "சரி. வருசா வருசம் செக்கப். ரிப்போர்ட் இப்படியே இருக்கணும். ஸ்கூல் லீவுல கூட்டம் வந்தா மட்டும் ஒரு நாள், ரெண்டு நாள் வந்து நில்லுங்க. சரியா?"

அதற்கும் தலையை ஆட்டினேன். இந்த முறை மனசோடு.

மறுவாரம் சாவி கைக்கு வந்தது. காலையில் பிளாஸ்கை எடுத்து வந்து கொடுத்த மனைவி, உடனே கையை விடவில்லை.

"தொரைகிட்ட அவ்வளவு பேசினீங்களாமே. வீட்டுலயும் கொஞ்சம் பேசறது."

மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். வெறும் இலைத் தண்ணி. பில்டிங் இடிச்ச மண் ருசி அப்படியே இருந்தது.

"இன்னைக்கு இலை நல்லா எறங்கியிருக்கு. கசப்பும் கம்மி. சட்டியில இருக்கற மிச்சத்த சாயந்திரம் வந்து குடிக்கிறேன், கொட்டிடாத" என்றேன்.

அவள் பிளாஸ்கை விட்டாள். லோரியில் ஏறிக் கதவைச் சாத்தினேன். பின்னால் அக்காவின் கை இரண்டு தட்டு தட்டியது.